வலையமைப்பு டிரைவும் சேமித்த கடவுச்சொல்லும்: இணைப்பறுதலின் காரணமும் பரிகாரமும்

அலுவலகமொன்றின் நினைவு அதன் ஏடுகளிலே தங்கியிருக்கிறது. வரவுப் பதிவேடு, சம்பளப் பட்டியல், புள்ளி விபரம், கடிதக்கோவை என்பன முன்னாளில் அலுமாரியிற் பூட்டி வைக்கப்பட்டன. அதன் திறப்பு யாரிடம் உள்ளதென்பதை அனைவரும் அறிந்திருந்தனர். இந்நாளில் அவ்வேடுகளிற் பல சேர்வர் எனப்படும் சேவையகக் கணினியொன்றிற் கோப்புக்களாகச் சேமிக்கப்பட்டு, பல மேசைகளிலுள்ள கணினிகளால் வலையமைப்பினூடாகத் திறக்கப்படுகின்றன. அலுமாரி ஒன்றே, அதனைத் திறக்கும் கைகள் பல. இவ்வமைப்பினாற் பெறப்படும் நன்மை பெரிது. எனினும், நேற்று மாலைவரை தடையின்றித் திறந்த டிரைவின்மேல் இன்று காலையிற் சிவப்புப் புள்ளடி தோன்றுவதும், என்றோ சேமித்துவைத்த கடவுச்சொல்லைக் கணினி மீண்டும் கேட்பதும், சரியானதெனக் கருதிய சொல்லைக் கொடுத்த பின்னரும் அது ஏற்கப்படாது போவதும் அலுவலகங்களில் அடிக்கடி நிகழ்வனவாகும்.

அவ்வேளையில் விளையும் தீங்குகள் மூன்று. கோப்பு அழிந்துவிட்டதென அஞ்சிய எழுதுவினைஞர், தம் கணினியிலிருந்த பழைய பிரதியை எடுத்துத் திருத்தத் தொடங்குகின்றார். இணைப்பு மீண்ட பின்னர் ஒரே பதிவேட்டுக்கு ஒன்றோடொன்று ஒவ்வாத இரண்டு வடிவங்கள் உளவாகின்றன. எது மெய்யானதென்று ஆறு மாதத்தின் பின் எவராலுங் கூறல் இயலாது. இது முதலாவது தீங்கு. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதனாற் பயனரின் கணக்கே பூட்டப்பட்டுவிடுவது இரண்டாவது. கணினி அறிந்தவரெனப்படும் ஒருவர் வந்து, காவலாயமைந்த ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக நீக்கி, எவ்வாறோ டிரைவைத் திறந்துவிட்டுச் செல்வது மூன்றாவது. இம்மூன்றும் மூலக் கோளாற்றினும் கொடியவை. காரணத்தை அறியாது பரிகாரத்தில் இறங்குவதனால் வருபவை. ஆதலின் இக்கோளாற்றின் இயல்பு யாதென்பதையும், அதனை ஆராயும் ஒழுங்கு எத்தகையதென்பதையும் நோக்குதல் பயனுடையதாகும்.

எழுத்தும் இடமும்

டிரைவ்களை ஆங்கில எழுத்துக்களாற் குறிக்கும் வழக்கம் தனியாட் கணினிகளின் தொடக்க காலத்துக்குரியது. 1970களிற் பரவிய சி.பி.எம். என்னும் பணிசெயல் முறைமையில் அது வழங்கிற்று. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். தனியாட் கணினியுடன் வெளிவந்த டொஸ் முறைமை அதனைத் தழுவிக்கொண்டது. ஏ, பீ என்னும் எழுத்துக்கள் நெகிழ்தட்டுகளுக்கும், சீ என்னும் எழுத்து வன்தட்டுக்கும் உரியனவாயின. நெகிழ்தட்டு வழக்கொழிந்த பின்னரும் கணினியின் முதல் வன்தட்டு சீ எனவே அழைக்கப்படுவது அவ்வழக்கின் எச்சமாகும்.

இவ்வெழுத்துக்கள் யாவும் கணினியினுள்ளே இருக்கும் ஒரு பொருளைக் குறித்தன. வலையமைப்பு டிரைவுக்கு வழங்கும் எழுத்தோ அத்தகையதன்று. இசெட் என்றோ எக்ஸ் என்றோ பெயரிடப்பட்ட டிரைவ் பயனரின் கணினியில் எங்கும் இல்லை. அது சேவையகத்தின் பெயரையும், அச்சேவையகத்திற் பகிரப்பட்ட கோப்புறையின் பெயரையுங் கொண்ட ஒரு முகவரிக்கு இடப்பட்ட சுருக்கப் பெயர் மாத்திரமே. முழு முகவரியை ஒவ்வொரு முறையும் எழுதுவதற்குப் பதிலாக ஓரெழுத்தைச் சுட்டினாற் போதும் என்பதே அதன் பயன். எனவே அவ்வெழுத்தின்மேற் புள்ளடி விழுந்தால், கோப்புக்கு யாதேனும் நேர்ந்ததென்பது அதன் பொருளாகாது. கோப்பு சேவையகத்தில் இருந்த இடத்திலேயே இருத்தல் கூடும். அதனிடத்துச் செல்லும் வழி மாத்திரம் அறுந்திருக்கிறது. பயனர் முதலில் உணரவேண்டியது இதுவே.

கோப்பைக் கேட்கும் கணினியும் கொடுக்கும் கணினியும் தம்முட் பேசிக்கொள்வதற்கு ஒரு பொதுமொழி வேண்டும். விண்டோஸ் கணினிகளில் அம்மொழி எஸ்.எம்.பி. எனப்படும். 1980களின் முற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பாரி பைகன்பாம் என்பவரால் முதலில் வகுக்கப்பட்டுப் பின்னர் மைக்ரோசொப்ட் நிறுவனத்தால் விரிவாக்கப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 2006இல் விண்டோஸ் விஸ்டாவுடனும், மூன்றாம் பதிப்பு 2012இல் விண்டோஸ் 8 உடனும் வந்தன. இம்மொழிக்கெனச் சேவையகத்தில் ஒதுக்கப்பட்ட வாயிலின் எண் 445. கணினிகள் இரண்டும் நல்ல நிலையிலிருந்தும், இடையிலுள்ள பாதுகாப்புச் சுவராகிய பயர்வோல் இவ்வாயிலை அடைத்துவிடின் உரையாடல் நிகழாது.

சிவப்புப் புள்ளடி எப்பொழுதும் கோளாற்றின் அறிகுறியென்று கொள்ளுதலும் தவறு. விண்டோஸ் சேவையகம், 15 நிமிடம் பயன்படுத்தப்படாதிருக்கும் இணைப்பைத் தன் சுமையைக் குறைக்கும்பொருட்டுத் தானே துண்டித்துவிடுகின்றது. இது நிறுவும்போதே அமைந்த நியதி, வேண்டின் மாற்றத்தக்கது. இவ்வாறு துண்டிக்கப்பட்ட டிரைவை ஒருமுறை சுட்டித் திறந்ததும் இணைப்பு மீண்டுவிடும். ஆதலின் புள்ளடியைக் கண்டதும் டிரைவை அழித்துப் புதிதாக அமைக்க முற்படுவதற்குமுன், அதனைத் திறந்து பார்த்தலே முதற் சோதனையாகும்.

கடவுச்சொல்லும் அதன் பிரதியும்

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கியபோது கடவுச்சொல்லின் தேவை எழுந்தது. அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பெர்ணான்டோ கோர்பட்டோ என்பவரின் தலைமையில் 1960களின் தொடக்கத்தில் உருவான சி.ரி.எஸ்.எஸ். என்னும் நேரப்பகிர்வு முறைமை, கணினியிற் கடவுச்சொல் வழங்கிய மிக முந்திய முறைமைகளுள் ஒன்று. ஒருவருடைய கோப்பை மற்றொருவர் திறவாதிருத்தலே அங்கும் நோக்கமாயிருந்தது. அறுபது ஆண்டுகளின் பின்னர் இன்றைய அலுவலகத்திலும் அந்நோக்கமே நிலவுகின்றது.

சேவையகத்தைத் திறக்கும் ஒவ்வொரு வேளையிலுங் கடவுச்சொல்லை எழுதுதல் தொல்லையாதலின், அதனைப் பயனரின் கணினியே நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2001ஆம் ஆண்டின் விண்டோஸ் எக்ஸ்பியில் அத்தகைய ஏற்பாடு இருந்தது. 2009ஆம் ஆண்டின் விண்டோஸ் 7இலிருந்து அது கிரெடென்ஷல் மனேஜர் என்னும் பெயருடன் கொன்ட்ரோல் பனலில் இடம்பெற்றுள்ளது. இது பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் எந்தச் சேவையகத்துக்கு உரியன என்னுங் குறிப்போடு சேர்த்துக் காக்கும் பேழை எனலாம். பேழையில் உள்ள சொல் பயனருக்கும் காட்டப்படுவதில்லை. மாற்றலாம், நீக்கலாம், வாசித்தல் இயலாது.

இங்கே கருத்திற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. பேழையில் இருப்பது கடவுச்சொல்லின் பிரதி. அதன் மூலம் சேவையகத்தின்பால் உள்ளது. மூலம் மாறும்போது பிரதி தானாக மாறுவதில்லை. டிரைவ் எழுத்தும் அத்தகையதே. அது சேவையகத்தின் முகவரியைப் பற்றிய பிரதி. சேவையகத்தின் பெயர் மாறினாலும் கோப்புறை வேறிடம் சென்றாலும் எழுத்து பழைய முகவரியையே சுட்டி நிற்கும். மாற்றலாகிச் சென்றவரின் பழைய விலாசத்துக்கு எழுதப்பட்ட கடிதம் திரும்பிவருவதை இதற்கு ஒப்பிடலாம். கணினி மறந்துவிட்டதென்று அலுவலகத்திற் சொல்லப்படுவனவற்றுட் பல, உண்மையில் அது பழையதை மறவாதிருப்பதனால் நேர்வன.

காரணங்கள் நால்வகை

இணைப்பறுதலின் காரணங்களை நான்கு வகையாக வகுக்கலாம். அவை வழி அடைபடல், காலம் பொருந்தாமை, நினைவு பழமைப்படல், நினைவு அழிதல் என்பன.

வழி அடைபடல் யாவருக்கும் விளங்குவது. கேபிள் கழன்றிருத்தல், சுவிச் எனப்படும் இணைப்புப் பெட்டி மின்தடையின் பின் இயங்காதிருத்தல், மடிக்கணினி வேறொரு கம்பியில்லா வலையமைப்பிற் சேர்ந்திருத்தல், வீட்டிலிருந்து பணிசெய்பவர் அலுவலகத்துக்கான வி.பி.என். இணைப்பை ஏற்படுத்தாதிருத்தல் என்பன இவ்வகையின. சிறிய அலுவலகங்களில் மற்றுமொன்று உண்டு. தனிச் சேவையகம் இல்லாது சாதாரணக் கணினியொன்றே அப்பணியைச் செய்யுமிடத்து, ஆளில்லாத வேளையில் அக்கணினி உறக்க நிலைக்குச் சென்றுவிடும். அத்துடன் எல்லா மேசைகளிலும் டிரைவ் மறையும். விண்டோஸ் 10, 11 ஆகியன இயங்கும் சாதாரணக் கணினிகள் ஒரே வேளையில் 20 கணினிகளுக்குமேல் இணைய இடந்தருவதில்லை என்பதும் நினைவிற்குரியது. வலையமைப்பைப் பொதுவிடத்து வலையமைப்பு என்று விண்டோஸ் வகைப்படுத்தியிருப்பினும் பகிர்வு தடைப்படும்; அலுவலக வலையமைப்பு தனியார் வலையமைப்பு எனக் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

காலம் பொருந்தாமை என்பது சற்று நுண்ணியது. பயனர் கணினியில் நுழைந்தவுடன் டிரைவ்களை இணைக்கும் முயற்சி தொடங்குகின்றது. கம்பியில்லா வலையமைப்பிற் கணினி அதற்குச் சில வினாடிகள் பிந்தியே சேருமாயின் அம்முயற்சி தோல்வியுறும், புள்ளடி எஞ்சும். 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பில், டிரைவ்கள் மீண்டும் இணையாமை பரவலாகக் காணப்பட்டமையால், நுழைவின்போது அவற்றை மறுபடி இணைக்குஞ் சிறு கட்டளை நிரலொன்றை மைக்ரோசொப்ட் நிறுவனமே மாற்றுவழியாக வெளியிட்டது. பல கணினிகளை ஒருங்கே நிர்வகிக்கும் அலுவலகங்களில், கணினி தொடங்கும்போது வலையமைப்புக்காகக் காத்திருக்குமாறு பணிக்கும் கொள்கையொன்றை இயக்குதல் இதற்குப் பொருத்தமான பரிகாரம்.

கடிகாரப் பிழையும் இவ்வகையிற் சேர்க்கத்தக்கது. பெரிய அலுவலகங்களில் ஆளை அடையாளங்காணும் பணியைக் கேர்பரொஸ் என்னும் முறை செய்கின்றது. கிரேக்க புராணத்திற் கீழுலகின் வாயிலைக் காக்கும் முத்தலை நாயின் பெயர் அதற்கு இடப்பட்டது. மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1983இல் தொடங்கிய அதீனா என்னும் திட்டத்தில் உருவாகி, விண்டோஸ் 2000 தொடக்கம் மைக்ரோசொப்ட் முறைமைகளில் வழங்குவது. இம்முறையிற் பயனருக்கு வழங்கப்படும் அனுமதிச்சீட்டு நேரங் குறிக்கப்பட்டதாகும். கணினியின் கடிகாரமும் சேவையகத்தின் கடிகாரமும் 5 நிமிடத்துக்குமேல் வேறுபடின் சீட்டு மறுக்கப்படலாம். கணினியினுள் உள்ள சிறு மின்கலம் வலுவிழந்து, ஒவ்வொரு காலையிலும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும் பழைய கணினிகளில் இதனை எதிர்பார்க்கலாம். அங்கே கடவுச்சொல்லை எத்தனை முறை எழுதினும் பயனில்லை. மின்கலத்தை மாற்றுதலே பரிகாரம்.

நினைவு பழமைப்படல் மூன்றாவது. பயனர் தமது கடவுச்சொல்லை மாற்றுகின்றார். பேழையிற் பழையது இருக்கின்றது. கணினி பயனரைக் கேளாது பழையதையே சேவையகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அது பிழையென ஒவ்வொரு முறையும் எண்ணப்பட்டு, குறித்த தொகையை அடைந்ததும் கணக்குப் பூட்டப்படும். நிர்வாகி பூட்டைத் திறந்த சில நிமிடங்களில் மீண்டும் பூட்டப்படுவதற்கும், பயனர் செய்யாத தவறுக்கு அவர்மேற் பழி வருவதற்கும் காரணம் இதுவே. அவர் முன்பு பயன்படுத்திய வேறொரு மேசைக் கணினியிலோ கைப்பேசியிலோ பழைய சொல் சேமிக்கப்பட்டிருப்பினும் இவ்விளைவே நேரும்.

நினைவு அழிதல் நான்காவது. டிரைவை அமைக்கும்போது கடவுச்சொல்லை நினைவில் வைக்குமாறு குறியிடாது விடின், எழுத்தும் முகவரியும் நிலைபெறும், கடவுச்சொல் நிலைபெறாது. ஒவ்வொரு காலையிலும் அதனைக் கணினி கேட்பது இயல்பே. கடவுச்சொற்களைச் சேமிக்கக்கூடாதென நிர்வாகி கொள்கை வகுத்திருப்பினும் இவ்வாறே நிகழும். அது கோளாறன்று, கட்டளை. இவற்றினும் வேறான ஒன்று, பேழை முழுதும் பயனற்றுப்போதல். பேழையிலுள்ளவை மறைகுறியாக்கப்பட்டிருக்கின்றன, அம்மறையை அவிழ்க்கும் திறவு பயனரின் சொந்த நுழைவுக் கடவுச்சொல்லோடு பிணைக்கப்பட்டுள்ளது. பயனர் பழைய சொல்லைக் கொடுத்துப் புதிய சொல்லுக்கு மாறும்போது பிணைப்பும் ஒழுங்காகப் புதுப்பிக்கப்படுகின்றது. ஆனால் அக்கணினிக்கே உரிய தனிக் கணக்கொன்றின் சொல்லைப் பயனர் மறந்தமையால் நிர்வாகி பழைய சொல்லின்றியே புதியதை ஏற்றிவிடின், பிணைப்பு அறுந்து, சேமித்தவையெல்லாம் திறக்கவியலாதனவாகிவிடும். மாற்றுதலும் மீளமைத்தலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருப்பினும் விளைவில் வேறானவை என்பது இதனாற் போதரும்.

ஆராயும் ஒழுங்கு

புகையைக் கண்டு நெருப்புண்டென அறிதலை அளவை நூலார் கருதலளவை என்பர். கணினி காட்டும் பிழை எண் அத்தகைய புகையாகும். அதனை வாசியாது மூடிவிடுதல் கண்ணெதிரேயுள்ள சான்றை அழித்தலை ஒக்கும். ஆயின் எண்ணை நோக்குவதற்கு முன் ஒரு வினா உண்டு: கோளாறு ஒருவருக்கா, அனைவருக்குமா? அனைவருக்குமாயின் காரணம் சேவையகத்திலோ நடுவேயுள்ள இணைப்புப் பெட்டியிலோ இருக்கும். தனிப்பட்டவரின் கடவுச்சொல்லைத் தொடவேண்டியதில்லை. ஒருவருக்கு மாத்திரமாயின் அவருடைய கணினியை ஆராய்தல் வேண்டும். அக்கணினியில் வேறொருவர் தம் பெயரால் நுழையும்போது டிரைவ் திறக்குமாயின் வழி நன்றாயுள்ளது. பிழை ஆளின் அடையாளத்தில் உள்ளது.

அதன்பின் வழியைச் சோதித்தல் வேண்டும். பிங் என்னுங் கட்டளையாற் சேவையகத்தைப் பெயரிட்டு அழைக்கலாம். பெயருக்கு மறுமொழி வாராது, அதன் எண் முகவரிக்கு வருமாயின், பெயரை எண்ணாக மாற்றித்தரும் ஏற்பாட்டிற் பிழையுண்டு. இரண்டுக்கும் வாராதவிடத்து வழி அடைபட்டிருத்தல் கூடும். எனினும் இவ்வழைப்புக்கு மறுமொழி கூறாதவாறு சில சேவையகங்கள் அமைக்கப்பட்டிருத்தலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. டிரைவை எண் முகவரியால் அமைத்திருந்த இடங்களில், ரவுட்டர் மாற்றப்பட்ட பின் சேவையகத்தின் எண்ணும் மாறியிருக்கும். எழுத்து பழைய எண்ணையே தேடி நிற்கும். இதனைத் தவிர்க்கச் சேவையகத்துக்கு மாறாத எண்ணை ஒதுக்குதல் வேண்டும்.

வழி சீராயிருப்பின், கட்டளைச் சாளரத்தில் நெற் யூஸ் என்னும் கட்டளையைக் கொடுத்தால் எல்லா இணைப்புக்களின் நிலையும் பட்டியலாகத் தோன்றும். அக்கட்டளையாலேயே இணைக்க முயலும்போது, பொதுவான வசனத்துக்குப் பதிலாகக் குறித்த எண் கிடைக்கும். எண் 53 ஆயின் சேவையகத்துக்கான வழி காணப்படவில்லை. எண் 67 ஆயின் பெரும்பாலும் பகிரப்பட்ட கோப்புறையின் பெயர் பிழையானது அல்லது மாற்றப்பட்டது. எண் 71 ஆயின் அக்கணினி ஏற்கக்கூடிய இணைப்புக்களின் தொகை நிறைந்துவிட்டது. 86, 1326 என்பன கடவுச்சொல் அல்லது பயனர்பெயர் பிழையெனக் குறிக்கும். 1909 கணக்குப் பூட்டப்பட்டதைக் குறிக்கும். எண் 5, வந்தவர் இன்னாரென அறியப்பட்டும் அவருக்கு அங்கே உரிமையில்லை எனப் பெரும்பாலும் பொருள்படும். அங்கே வேண்டுவது நிர்வாகியின் அனுமதி, புதிய கடவுச்சொல்லன்று. சாளரங்களிற் காணப்படும் நீண்ட எண்களும் இவற்றின் வேற்றுருவங்களே. 80070035 என முடியும் எண்ணின் இறுதி ஈரிலக்கமாகிய 35ஐப் பதினாறடி எண்ணாகக் கொண்டால், மூன்று பதினாறும் ஐந்தும் சேர்ந்து 53 ஆகும். கணிதம் கற்கும் மாணவர் இதனைத் தாமே சரிபார்க்கலாம்.

1219 என்னும் எண் தனியே விளக்கத்தக்கது. பயனரின் ஒரு நுழைவில் ஒரே சேவையகத்துக்கு இரு வேறு பயனர்பெயர்களால் இணைதலை விண்டோஸ் ஏற்பதில்லை. ஒரு கோப்புறையைத் தம் பெயராலும் மற்றொன்றை அலுவலகப் பொதுப் பெயராலும் திறக்க முயல்பவர் இவ்வெண்ணைக் காண்பர். கடவுச்சொல் சரியாயிருந்தும் மறுப்பு நிகழ்வதால் மயக்கம் உண்டாகும். அச்சேவையகத்துக்கான பழைய இணைப்புக்களையெல்லாம் நீக்கி, கணினியிலிருந்து ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்து, ஒரே பெயரால் இணைதலே வழி.

ஆளின் அடையாளத்திற் பிழையென்று துணிந்த பின்னரே பேழையைத் திறத்தல் முறை. கிரெடென்ஷல் மனேஜரில் விண்டோஸ் பகுதியில், அச்சேவையகத்தின் பெயரால் உள்ள பதிவை நீக்கிப் புதிய கடவுச்சொல்லுடன் மீண்டும் பதிதல் வேண்டும். பெயருக்காகச் சேமித்த சொல் அதே சேவையகத்தின் எண் முகவரிக்குப் பயன்படாது. டிரைவ் எவ்வாறு அமைந்துள்ளதோ அவ்வாறே பதிவும் அமைதல் வேண்டும். பயனர்பெயர் சேவையகத்திலே உள்ள கணக்கினதாயின், சேவையகத்தின் பெயரை முன்னிட்டு, பின்சாய்கோட்டின் பின் பயனர்பெயரை எழுதுவது ஐயத்தை நீக்கும். நான்கு அல்லது ஆறு இலக்கப் பின் எண்ணால் அன்றாடம் நுழைபவர்கள், அவ்வெண்ணையே இங்கும் கொடுத்துத் தோல்வியுறுவதுண்டு. அவ்வெண் அந்தக் கணினிக்கு மாத்திரம் உரியது. சேவையகம் வேண்டுவது கணக்கின் கடவுச்சொல்.

கோப்பு உலாவியில் டிரைவ் தெரிந்தும், நிர்வாகியின் உரிமையுடன் தொடங்கிய செயலியில் அது தெரியாதிருத்தல் மற்றொரு புதிர். விண்டோஸ் விஸ்டா தொடக்கம், நிர்வாகி உரிமையுள்ள ஒருவரின் சாதாரணப் பணியும் உயர்நிலைப் பணியும் இரு வேறு நுழைவுகளாகக் கணிக்கப்படுகின்றன. ஒன்றில் அமைத்த டிரைவ் மற்றதில் இயல்பாகத் தோன்றாது. ஈண்டு அறுந்தது எதுவுமில்லை.

ஆகாத பரிகாரங்கள்

டிரைவ் திறந்தாற் போதுமென்னும் அவசரத்திற் செய்யப்படுஞ் சில செயல்கள் பிற்காலத்துக்குப் பெருங்கேடாய் முடிகின்றன. எஸ்.எம்.பி. மொழியின் முதற் பதிப்பை மீண்டும் இயக்குதல் அவற்றுட் தலையாயது. பழைய சேமிப்புப் பெட்டிகளும் பழைய நகலெடுப்புப் பொறிகளும் அப்பதிப்பை மாத்திரமே அறிந்தனவாதலின், இவ்வாறு செய்தவுடன் இணைப்பு மீள்வது உண்மையே. ஆயின் அப்பதிப்பை விண்டோஸ் ஏற்று நடத்திய முறையிலிருந்த ஓட்டையினூடாகவே 2017ஆம் ஆண்டு மே 12ஆந் திகதி வொன்னாகிறை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புக்களைப் பூட்டிப் பணங்கேட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த மருத்துவமனைகளிற் சிகிச்சைகள் பல ஒத்திவைக்கப்பட்டன. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14ஆந் திகதியிலேயே வெளியிட்டிருந்தது. ஏற்றுக்கொள்ளாதிருந்த கணினிகளே பெரும்பாலும் இரையாயின. அவ்வாண்டின் ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து முதற் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை.

கடவுச்சொல்லின்றி விருந்தினராகத் திறக்கும் வழியும் அத்தகையதே. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு 2024இல் வந்தபோது, அலுவலகங்களில் வழங்கும் வகைகளில் விருந்தினர் வழி இயல்பாக அடைக்கப்பட்டது. பரிமாறப்படும் செய்தி ஒவ்வொன்றும் ஒப்பமிடப்பட்டிருத்தல் வேண்டுமென்ற நியதியும் புகுத்தப்பட்டது. நேற்றுவரை திறந்த சேமிப்புப் பெட்டி இற்றைப்படுத்தலின் பின் திறவாமைக்கு இவையும் காரணமாகலாம். இந்நியதிகளைத் தளர்த்துதல் எளிது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வழங்குதலே நேரிய வழி. எல்லோருக்கும் எல்லா உரிமையும் வழங்குதல், ஒரே கடவுச்சொல்லை அலுவலகம் முழுவதற்கும் பொதுவாக்குதல், டிரைவை இணைக்கும் கட்டளை நிரலினுள்ளே கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதிவைத்தல் என்பனவும் விலக்கத்தக்கன. இவற்றாற் பதிவேட்டை மாற்றியவர் யாரென அறியும் வழி அற்றுப்போகின்றது.

வருமுன் காத்தல்

கடவுச்சொல்லைக் குறித்த நாட்களுக்கொருமுறை மாற்றுமாறு வற்புறுத்தும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. பழமைப்பட்ட பிரதிகள் பெருகுவதற்கு அவ்வழக்கமே முக்கிய காரணம். அமெரிக்காவின் நியமங்கள், தொழினுட்பத்துக்கான தேசிய நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், சொல் வெளிப்பட்டதற்குச் சான்றிருந்தாலன்றி அத்தகைய மாற்றத்தை வற்புறுத்தலாகாதெனக் கூறிற்று. மைக்ரோசொப்ட் நிறுவனமும் 2019இல் தன் பாதுகாப்பு அடிப்படை விதிகளிலிருந்து அதனை நீக்கியது. நீண்டதும் வேறெங்கும் வழங்காததுமாகிய சொல்லொன்றை நிலையாகக் காத்தல், மாதந்தோறும் இறுதி எண்ணை மாத்திரம் மாற்றிக்கொண்டிருத்தலினும் மேலானது.

அலுவலகத்தில் இரண்டு சிறு ஒழுங்குகள் நிலவினாற் பெரும்பாலான இடர்கள் நீங்கும். ஒன்று, சேவையகத்தின் பெயர், எண், பகிரப்பட்ட கோப்புறைகள், அவற்றுக்குரிய டிரைவ் எழுத்துக்கள், யாருக்கு எவ்வுரிமை என்பவற்றை ஓரேட்டில் எழுதி, மாற்றங்கள் நிகழும்போது திகதியிட்டுப் பதிந்து வருதல். கடவுச்சொற்கள் அவ்வேட்டில் இடம்பெறலாகா. மற்றையது, கடவுச்சொல்லை மாற்றும் ஒவ்வொருவரும் அதே வேளையில் தாம் பயன்படுத்துங் கணினிகள் அனைத்திலும் பழைய பதிவை நீக்குதல். இணைப்பு அறுந்த வேளையில் அவசரப் பணி தவிர்க்கவொண்ணாததாயின், தனிப் பிரதியின் பெயரிலேயே திகதியையும் நேரத்தையும் குறித்து, இணைப்பு மீண்டதும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சேர்த்து, அப்பிரதியை அழித்துவிடுதல் வேண்டும்.

சம்பளப் பட்டியலின் ஓர் எண்ணோ, மாணவர் ஒருவரின் புள்ளியோ இரண்டு பிரதிகளிடையே வேறுபடுமாயின் அதனால் இடர்ப்படுபவர் கணினியை ஒருபோதுந் தொடாதவராயிருத்தல் கூடும். ஆதலின் டிரைவ் திறந்துவிட்டதென்பதோடு பணி முடிந்ததாகாது. அறுந்த கண்ணி எதுவென அறிந்து, அதனை மாத்திரம் செப்பனிட்டு, மூலத்துக்கும் பிரதிக்கும் ஒற்றுமையை நிலைநாட்டிய பின்னரே அது முற்றுப்பெறும்.